முதலில் விரல் விரியட்டும்

பக்கவாதம் வந்தவரை ஆட்டோவிலிருந்து கைத்தாங்கலாக இறக்கி என் கிளினிக் நாற்காலியில் உட்கார வைத்ததும், கூட வந்தவர்கள் ஒன்றைச் சொல்லாமல் இருக்க மாட்டார்கள். வலது கை விழுந்திருந்தால், "சோத்துக் கையே போயிடுச்சும்மா" என்பார்கள். இடது கை என்றால், "நல்லவேளை, பீச்சாங்கைதான்." திருவண்ணாமலையில் போளூர் சாலைப் பக்கம் பிசியோதெரபி பார்க்கிற எனக்கு, அந்த வீட்டில் அடுத்த ஆறு மாதம் எப்படிப் போகும் என்பது இதிலேயே பாதி தெரிந்துவிடும். சோத்துக் கைக்கு வீடே சேர்ந்து பாடுபடும். மற்ற கை மடியில் கிடக்கும்.

பக்கவாதத்தில் கைக்கு ஒன்றும் ஆவதில்லை. எலும்பு, தசை, கையில் ஓடும் நரம்பு எல்லாம் இருந்த இடத்தில் இருந்தபடிதான் இருக்கின்றன. மூளையின் ரத்தக்குழாயில் அடைப்பு விழுந்தோ, குழாய் வெடித்து ரத்தம் கசிந்தோ, கைக்கு உத்தரவு போடும் இடமோ அந்த உத்தரவு இறங்கிவரும் பாதையோ செத்துப்போகிறது. இடது மூளை என்றால் வலது கை, வலது மூளை என்றால் இடது கை. (அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். வாய் கோணினாலோ, கை தொங்கினாலோ, பேச்சு குழறினாலோ, வாயில் எதையும் ஊற்றிக்கொண்டிருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். நான் எழுத வந்தது அதற்குப் பிறகு வரும் மாதங்களைப் பற்றி.)

"கால் வந்துடுச்சு, கைதான் வரல." இந்த ஊரில் நான் அதிகம் கேட்கும் புகார் இதுதான். பதினாலு கிலோமீட்டர் கிரிவலத்தையும் காலை இழுத்து இழுத்து நடந்து முடித்துவிட்டு, வீட்டுக்குப் போய்ச் சட்டைப் பொத்தானைக் கழற்ற மனைவியைக் கூப்பிடுகிறவர்கள் என்னிடம் வருகிறார்கள். காரணம் இருக்கிறது. நடக்க, இடுப்பும் முழங்காலும் விறைத்து நின்று உடம்பைத் தாங்கினாலே ஓரளவு போதும். உடம்புத் தண்டுக்கும் தொடைக்கும் மூளையின் இரண்டு பக்கத்திலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் உத்தரவு போகிறது. விரல்களைத் தனித்தனியாக அசைக்கும் உத்தரவு கிட்டத்தட்ட முழுக்க எதிர்ப்பக்க மூளையிலிருந்துதான் வருகிறது. அந்தப் பாதையில் எவ்வளவு மிச்சம் என்பதைப் பொறுத்துத்தான் மற்றதெல்லாம்.

இதைச் சீக்கிரமே ஓரளவு கணிக்க முடியும். 2010-ல் வெளிவந்த ஒரு நெதர்லாந்து ஆய்வில், முதல் 72 மணி நேரத்துக்குள் விரலைக் கொஞ்சமாவது விரிக்கவும் தோளைப் பக்கவாட்டில் தூக்கவும் முடிந்தவர்களில் 98 சதவீதம் பேருக்கு, ஆறாவது மாதத்தில் கையில் ஓரளவாவது வேலை செய்யும் திறன் திரும்பியிருந்தது. இரண்டுமே முடியாதவர்களில் 25 சதவீதம் பேருக்குத்தான். அதனால் ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே நான் முதலில் பார்ப்பது பிடியை அல்ல, விரல் நுனி மேலே எழும்புகிறதா என்பதை. போர்வைக்கு மேல் கையை வைத்து, ஆள்காட்டி விரல் நகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஆரம்பத்தில் கை தொய்ந்து கிடக்கும். சில நாளோ சில வாரமோ கழித்து இறுக ஆரம்பிக்கும். முழங்கை மடங்கும், மணிக்கட்டு கீழே வளையும், கட்டைவிரல் உள்ளங்கைக்குள் போய், மற்ற நாலு விரலும் அதன்மேல் மூடிக்கொள்ளும். வீட்டுக்காரர்கள் கொண்டாடுவது இந்தக் கட்டத்தில்தான். "என் விரல கெட்டியா புடிக்கிறாரும்மா!" இன்னொன்றும் நடக்கும்: அவர் கொட்டாவி விட்டால், விழுந்த கை தானாக மேலே எழும்பும். நேரில் பார்த்தவர்கள் "அண்ணாமலையாரே" என்று கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். கொட்டாவியின் உத்தரவு மூளைத்தண்டிலிருந்து வேறு வழியாக வருகிறது. அவராக நினைத்துத் தூக்குவது வேறு கணக்கு. அந்தச் சந்தோஷத்தை நான் கெடுப்பதில்லை, ஆனால் நோட்டில் எழுதுவதும் இல்லை.

இந்தக் கட்டத்தில்தான் பந்து வருகிறது. மெடிக்கல் ஷாப்பில் தொங்கும், சிரிக்கும் முகம் போட்ட மஞ்சள் பந்து. பாதிப் பேர் கையில் அதோடுதான் உள்ளே வருவார்கள். "காலையில நூறு, ராத்திரி நூறு அமுக்குறாரு." ஏற்கெனவே மூடிக்கொண்டிருக்கிற கை அது. மூடும் தசைகள்தான் அளவுக்கு மீறி வேலை செய்கின்றன, விரிக்கும் தசைகளுக்குத்தான் உத்தரவு போய்ச் சேரவில்லை. இதில் நாள் முழுக்க மூடப் பழக்கினால் யாருக்கு லாபம்? இறுக்கம் இல்லாமல் வெறும் பலவீனம் மட்டும் உள்ள கைக்குப் பந்து பரவாயில்லை. இறுகிய கைக்கு வேண்டாம். ஒரு சொம்பை எடுக்கும் வேலையைப் பாருங்கள். பிடிப்பதற்கு முன் கை சொம்பின் அகலத்துக்கு விரிய வேண்டும், வைத்த பிறகு விட வேண்டும். பக்கவாதக் கை தோற்றுப்போவது இந்த இரண்டு முனையிலும்தான்.

இறுகிய விரலை விரிப்பதற்கு முறை இருக்கிறது. வீட்டில் இருப்பவர்கள் விரல் நுனியைப் பிடித்து நிமிர்த்துவார்கள். அவர் "ஐயோ" என்பார், விரல் இன்னும் மூடிக்கொள்ளும். நுனியைத் தொடாதீர்கள். முன்கையை மேசைமேல் வைத்து, முதலில் மணிக்கட்டை மெதுவாகக் கீழ்ப்பக்கம் வளையுங்கள். வளைக்க வளைக்க விரல்கள் தானாகத் தளரும், தசைநாரின் நீளம் அப்படி. அடுத்து கட்டைவிரல். நகத்தைப் பிடிக்காமல், மணிக்கட்டுக்கு மேலே இருக்கும் சதைமேட்டைப் பிடித்து வெளிப்பக்கமாகத் திருப்புங்கள். கட்டைவிரல் வெளியே வந்தால் மற்ற நாலும் வழிக்கு வரும். விரித்த கையை அப்படியே பிடித்துக்கொண்டு, மணிக்கட்டை மெல்ல மேலே கொண்டுவந்து மேசைமேல் பதியவையுங்கள். மாதக்கணக்கில் திறக்காத கையைத் திறந்தால் உள்ளங்கையில் வியர்வை ஊறிய வாடை அடிக்கும், நகம் பதிந்த பிறை வடுக்கள் நாலு இருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, ஈரமில்லாமல் துடைத்து, நகம் வெட்டிவிட வேண்டும். இதைச் சிகிச்சை என்று யாரும் மதிப்பதில்லை. என் மேசையில் முதல் பாடமே இதுதான்.

அடுத்தது எண்ணிக்கை. அமெரிக்க ஆய்வாளர் ராண்டால்ஃப் நூடோ 1996-ல் அணில் குரங்குகளை வைத்துக் காட்டியது இது: மூளையில் சிறு அடைப்பு ஏற்பட்ட பிறகு சும்மா விட்டால், சேதமாகாத மூளைப் பகுதியிலும் கைக்கு உள்ள இடம் சுருங்குகிறது. சிறு குழியிலிருந்து தீனி எடுக்கும் வேலையைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால், அந்த இடம் காப்பாற்றப்படுகிறது, பக்கத்து இடத்துக்கும் பரவுகிறது. அந்த மாதிரி ஆய்வுகளில் விலங்குகள் ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான தடவை கையை நீட்டின. மனிதர்களுக்கு என்ன நடக்கிறது? 2009-ல் கேதரின் லாங் என்பவரின் குழு சிகிச்சைக் கூடங்களில் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணியது. கையை ஒரு வேலைக்காகப் பயன்படுத்தும் பயிற்சி, ஒரு அமர்வுக்குச் சராசரி 32 தடவைதான். வசதியான நாட்டின் கணக்கு இது. நம் ஊரில் வாரத்துக்கு இரண்டு நாள் வந்து, அதில் பாதி நேரம் 'கரண்ட்' வைத்துக்கொண்டு போகிறவருக்கு என்ன தேறும்?

நூற்றுக்கணக்கான தடவை பயிற்சி செய்யச் சொன்னால் யாரும் செய்ய மாட்டார்கள். வேலையாகக் கொடுத்தால் செய்வார்கள். எங்கள் மாவட்டத்தில் அதற்கு மல்லாட்டை இருக்கிறது. மற்ற ஊர்க்காரர்களுக்கு வேர்க்கடலை. விதைக்கு எடுக்கும் மல்லாட்டையைக் கையால்தான் உரிப்பார்கள், பருப்பு உடையக் கூடாது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நுனியோடு நுனி சேர்ந்து, சரியான அளவு அழுத்தம் கொடுத்து, ஓடு வெடித்ததும் உடனே நிறுத்த வேண்டும். பருப்பை எடுத்து ஒரு பக்கம் போட வேண்டும், ஓட்டை விட வேண்டும். நீட்டல், விரித்தல், பிடித்தல், அழுத்தல், விடுதல் எல்லாம் இதில் வந்துவிடுகிறது. ஒரு படி உரித்து முடித்தால் விரல் எத்தனை தடவை விரிந்து மூடியிருக்கும்! கிராமத்திலிருந்து வருகிறவர்களுக்கு இது சொல்லித்தர வேண்டிய வேலையும் இல்லை. கை மறந்திருந்தாலும் ஆளுக்குத் தெரியும். அந்த அளவுக்கு விரல் வராதவர்களுக்குச் சொம்பு, டம்ளர், தக்காளி, எலுமிச்சை என்று இறங்கி வருவோம்.

சாப்பாடும் இப்படித்தான். சோத்துக் கை விழுந்தவர்களுக்கு ஸ்பூன் ஓர் அவமானம். கல்யாணப் பந்திக்கே போகாமல் நின்றுவிடுகிறார்கள், இடது கையால் எப்படி இலையைத் தொடுவது என்று. நான் இட்லியில் ஆரம்பிப்பேன். ஒரு கையாலேயே பிட்டு எடுக்க, கட்டைவிரல் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் எதிர்த்துத் தள்ள வேண்டும். அடுத்து களி, கிள்ளி உருட்ட வேண்டும். பிறகு பொங்கல், சாம்பார் சாதம். ரசம் சாதம் கடைசி. கிண்ணமாகக் குவியாத கையில் அது நிற்காது.

இனி அந்த மற்ற கை. கோபுரத்துக்கு எதிரே பூ விற்கும் ஓர் அம்மாவை மகன் கூட்டிவந்தார். இடது கை. வழக்கம்போல "நல்லவேளை" என்று மகன் ஆரம்பித்ததும் அந்த அம்மா குறுக்கே விழுந்தார்: "இன்னாடா நல்லவேள? பூவ எந்தக் கையில புடிப்பேன்?" சரியான கேள்வி. வலது கை நாரைச் சுற்றி முடிச்சுப் போடும். பூவை அடுக்கி, காம்பை நசுக்காமல் வரிசை கலையாமல் பிடித்துக்கொண்டிருப்பது இடது கை. "பெரியம்மா, மொதல்ல சாமந்தி கட்டலாம்" என்றேன். "சாமந்தி யாரு வேணா கட்டுவாங்க கண்ணு" என்று முகத்தைச் சுளித்தார். ஆனாலும் தடித்த காம்பு என்பதால் அதில்தான் தொடங்கினோம். பிறகு ரோஜா, பிறகு குண்டுமல்லி. முல்லை இன்னும் வரவில்லை, அதை மருமகள் கட்டுகிறார். வியாபாரம் நடக்கிறது.

இடது கை விழுந்தவர்களிடம் இன்னொரு சிக்கலும் இருக்கலாம். வலது மூளை பாதிக்கப்பட்ட சிலருக்கு இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதே கவனத்தில் வராது. இலை போட்டுப் பரிமாறினால், இடது ஓரத்தில் வைத்த உப்பும் ஊறுகாயும் அப்படியே இருக்கும். கண்ணில் கோளாறு இல்லை. கையும் அப்படித்தான் அவருக்கு இல்லாமல் போகிறது. இவர்களிடம் இடது பக்கம் உட்கார்ந்து பேசுங்கள், டீயை இடது பக்கம் வையுங்கள், ஜாடியை இடது கையால் அழுத்திக்கொண்டு வலது கையால் மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். வலது கை எல்லாவற்றையும் சமாளித்துக்கொண்டால், விழுந்த கை வேலையே இல்லாமல் மெல்ல மெல்ல முடங்கிவிடும்.

எட்வர்ட் டாப் என்ற அமெரிக்க உளவியலாளர் இதைக் குரங்குகளிடம் கண்டார். உணர்ச்சி துண்டிக்கப்பட்ட கையை அவை பயன்படுத்தவே இல்லை. நல்ல கையைக் கட்டிப்போட்டதும் பயன்படுத்தின. (அவர் ஆய்வகத்தில் குரங்குகள் இருந்த நிலை 1981-ல் பெரிய வழக்கானது, அது தனிக் கதை.) அதிலிருந்து வந்த சிகிச்சைதான் நல்ல கைக்கு உறை மாட்டிவிட்டு, பழுதான கையால் மட்டும் வேலை செய்ய வைப்பது. 2006-ல் வெளியான பெரிய ஆய்வில், பக்கவாதம் வந்து 3 முதல் 9 மாதம் ஆன 222 பேர் கலந்துகொண்டார்கள். இந்தச் சிகிச்சை பெற்றவர்கள் இரண்டு வாரம், விழித்திருக்கும் நேரத்தில் 90 சதவீதம் உறையோடு இருக்க வேண்டும். பலன் ஒரு வருடம் கழித்தும் நிலைத்திருந்தது. ஆனால் மணிக்கட்டையும் விரல்களையும் கொஞ்சமாவது நிமிர்த்த முடிந்தவர்களுக்குத்தான் இது. முழுக்க விழுந்த கைக்கு இது சித்திரவதை. எங்கள் வீடுகளில் விழுந்த கை இடது என்றால் இன்னொரு முட்டுக்கட்டை: சாப்பிடும் கையை உறை மாட்டி அடைத்துவிட்டு மற்றக் கையால் சாப்பிடு என்று எந்த மாமியாரிடம் போய்ச் சொல்வது? சாப்பாட்டு நேரத்தை விட்டுவிட்டு, காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் கொஞ்சம் என்று பழைய சாக்ஸைக் கையில் மாட்டிச் சமாளிக்கிறேன். முழு முறை இல்லை என்று தெரியும். நடக்கிற முறை இது.

விரல் அசையவே அசையாதவர்களுக்குக் கண்ணாடி. இதைக் கொடுத்தவர் நம்மூர்க்காரர். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி. எஸ். ராமச்சந்திரன். கை துண்டிக்கப்பட்டவர்களுக்கு இல்லாத கையில் வரும் வலிக்காக 1990-களில் அவர் கண்ணாடிப் பெட்டியைப் பயன்படுத்தினார். 1999-ல் அவரும் சகாக்களும் பக்கவாதம் வந்த 9 பேரிடம் அதைச் சோதித்து 'லான்செட்' இதழில் எழுதினார்கள். 2018-ல் 62 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும், வழக்கமான பயிற்சியோடு சேர்த்துச் செய்தால் பலன் உண்டு என்றே வந்தது. செய்வது சுலபம். தேரடி வீதியில் வாங்கிய, முழங்கை நீளமுள்ள ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி போதும். மேசையில் உடம்புக்கு நடுவே நேர்க்குத்தாக நிறுத்தி, விழுந்த கையைப் பின்னால் மறைத்து, நல்ல கையைக் கண்ணாடிக்கு முன்னால் விரித்து மூடுங்கள். கண்ணாடியில் தெரிவது விழுந்த கை விரிவதாகவே மூளைக்குப் படும். மோதிரம், வளையல், வாட்சைக் கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் மூளை நம்பாது. முதல் முறை பார்ப்பவர்களில் சிலர் சிரிப்பார்கள், சிலர் அழுவார்கள்.

எங்களுக்கு அதிர்ஷ்டம், வேலூர் பக்கத்தில் இருக்கிறது. போளூர், கண்ணமங்கலம் வழியாக பஸ்ஸில் போய்விடலாம். கை என்றாலே மருத்துவ உலகம் திரும்பிப் பார்த்த ஊர் அது. 1940-களின் கடைசியில் அங்கே கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை, தசைநாரை இடம் மாற்றித் தைத்து நிமிர்த்தினார். அவரிடம் கை அறுவை சிகிச்சை பயின்ற டாக்டர் மேரி வர்கீஸ், 1954-ல் நடந்த விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே அறுவை சிகிச்சை செய்தார், பிறகு மறுவாழ்வு மருத்துவம் படித்துவந்து அந்தத் துறையைக் கட்டினார். பாகாயத்தில் மறுவாழ்வு மையம் 1966-ல் திறக்கப்பட்டது. இப்போது சென்னை ஐஐடியும் வேலூர் சிஎம்சியும் சேர்ந்து 'புளூட்டோ' என்று கைக்கான ஒரு சின்ன ரோபோவை உருவாக்கியிருக்கின்றன. மோட்டார் ஒன்றுதான். கைப்பிடியை மாற்றி மாற்றி மாட்டினால், மணிக்கட்டு, முன்கை திருப்பல், விரல் விரித்து மூடல் என்று தனித்தனிப் பயிற்சி. திரையில் விளையாட்டு ஓடும், நோயாளியால் முடியாத மிச்சத்துக்கு மட்டும் இயந்திரம் கைகொடுக்கும். என் எண்ணிக்கைப் பிரச்சினைக்கு நேரான பதில் இது. மல்லாட்டை உரிக்க முடியாத கைக்கு எண்ணிக்கையை இதுதான் தரும்.

மற்றவை சுருக்கமாக. கரண்ட் வைப்பது நல்லதுதான், ஆனால் படுத்துக்கொண்டு செல்போன் பார்த்தபடி அல்ல. மின்சாரம் மணிக்கட்டைத் தூக்கும் அதே நொடியில் அவரும் தூக்க முயற்சி செய்ய வேண்டும். இறுக்கம் மிக அதிகமானால் போட்டாக்ஸ் ஊசி. இரண்டு மூன்று மாதம் தளர்த்திவைக்கும், அதற்குள் பயிற்சி செய்தால் உண்டு, செய்யாவிட்டால் பணம் போனதுதான். கழுத்து நரம்பைத் தூண்டும் கருவி ஒன்றுக்கு 2021-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதைப் பொருத்த அறுவை சிகிச்சை வேண்டும், நம் பேச்சில் இன்னும் வரவில்லை. எண்ணெய் தேய்க்கலாம், தோலுக்கும் மனசுக்கும் இதம். உத்தரவு மூளையிலிருந்து வர வேண்டியிருப்பதால், மேலே எதைத் தேய்த்தாலும் விரல் எழாது. புறா ரத்தம் தேய்க்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். புறாவை விட்டுவிடுங்கள்.

தோளைப் பற்றி எச்சரிக்கை. தொய்ந்த கையில் தோள்மூட்டு இறங்கியிருக்கும். கட்டிலிலிருந்து எழுப்பும்போது அக்குளில் கைகொடுத்துத் தூக்குவதும், விழுந்த கையைப் பிடித்து இழுப்பதும் அந்த மூட்டைக் கெடுத்துவிடும். கதவில் கயிறும் கப்பியும் மாட்டி, நல்ல கையால் விழுந்த கையை மேலே இழுக்கும் பயிற்சியைப் பலர் வீட்டில் செய்கிறார்கள். வேண்டாம். தோள் வலி வந்த கைக்கு எந்தப் பயிற்சியும் கொடுக்க முடியாமல் போகும்.

குடும்பத்தாரிடம் பயிற்சியை ஒப்படைத்தால் போதுமா என்று இந்தியாவிலேயே சோதித்திருக்கிறார்கள். 14 மருத்துவமனைகள், 1,250 நோயாளிகள், 2017-ல் 'லான்செட்'டில் வெளியானது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், குடும்பத்தாருக்குச் சொல்லிக்கொடுத்த பிரிவிலும் கொடுக்காத பிரிவிலும், இறந்தோ பிறரை நம்பியோ இருந்தவர்கள் அதே 47 சதவீதம். எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. பாசமுள்ள வீட்டில் ஊட்டிவிடுவார்கள், பொத்தான் போட்டுவிடுவார்கள், "நீங்க இருங்க, நான் பண்றேன்" என்பார்கள். அந்தக் கை வேலை பார்க்க ஒரு நாளில் இடமே இருக்காது. அதற்காகக் குடும்பத்தை விட்டுவிட முடியாது, நான் வாரத்தில் பார்க்கும் நேரம் அவர்களுக்கு ஒரு மாலைப்பொழுது. நான் அவர்களிடம் கேட்பது ஒன்றே: காபி டம்ளரை அவரே எடுக்கட்டும், சிந்தினால் துடைத்துக்கொள்ளலாம், பாதி டம்ளர் மட்டும் ஊற்றுங்கள்.

"எவ்ளோ நாள் ஆகும் மேடம்?" முதல் மூன்று மாதம் வேகமாக வரும், பிறகு நிதானமாக. அதற்கப்புறம் கதவு சாத்திக்கொள்ளும் என்பது பொய். ஒரு வருடம் கழித்தும் பொத்தான் போடக் கற்றவர்கள் இருக்கிறார்கள். பழைய கை முழுசாக வருமா என்றால், பலருக்கு வராது. அதையும் சொல்லிவிடுவேன். வர முடியாத தூரத்தில் இருப்பவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருவார், காசு இல்லை. வருகிறவரிடம் காலை மட்டும் காட்டிவிட்டு அனுப்பாதீர்கள். என்னிடம் வருகிறவர்களுக்குப் பௌர்ணமி அன்று விடுமுறை, பஸ்ஸையெல்லாம் ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். அன்றைக்குப் போனில்தான் விசாரணை: விழுந்த கைக்கு இன்றைக்கு என்ன வேலை கொடுத்தீர்கள், யார் குறுக்கே வந்து செய்துகொடுத்தது?